ஒன்பதாவது நிபந்தனை

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். ஒப்பந்தப் படிவங்களை எல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். பதினான்கு நிபந்தனைகளில் பதின்மூன்று எதற்கென்று விளங்குகிறது, ஒன்றுதான் விளங்கவில்லை என்றாள்.

“அக்கா, ஒம்பதாவது எதுக்குன்னே தெரியல. ஒப்பந்தத்துல சாப்பாட்டப் பத்தி எதுக்குக்கா? மேடத்தக் கேட்டா, வேதாவக் கேளுன்னுட்டாங்க. எடுத்துரட்டுமா?”

எடுத்துவிடு என்றேன். காரணத்தை எழுதி அனுப்புவதாகவும் சொன்னேன். சொல்லிவிட்டு மூன்று வாரம் எழுதவில்லை. முப்பது வயது நிரம்பாத ஒருத்தி, ஓய்வுபெற்ற அதிகாரியைப் போலத் தன் பணிக்காலத்தைப் பற்றி எழுதுவது பொருத்தமாகத் தோன்றவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையான காரணமன்று. அந்த வேலையை விட்டு நான் இலக்கிய ஆராய்ச்சிக்கு வந்தாயிற்று, இனி அதற்குத் திரும்பப் போவதும் இல்லை. ஆகவே உள்ளபடி எழுதலாம்.

வளர்ந்துகொண்டிருக்கும் வியாபாரங்களுக்குப் பகுதிநேரத் தொழில்நுட்பத் தலைவர்களைத் தேடிக் கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் தொழில். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு தொழில் இருந்தது என்றால் இன்று சிலர் நம்பமாட்டார்கள். ஒரு பட்டுக் கடை மூன்று கடைகளாகும்போது, ஓர் அரிசி ஆலை வெளிமாநிலத்துக்கு மூட்டை அனுப்பத் தொடங்கும்போது, முதலாளிக்கு ஒரு கட்டத்தில் கணினி தேவைப்படும். கணினியை வாங்கிவிடுவார். அதை வைத்து வியாபாரத்தில் எதை எப்படி மாற்றுவது என்று சொல்வதற்கு அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவரை முழுநேரமாக வைத்துக்கொள்ள அந்த வியாபாரத்தால் இயலாது, அவ்வளவு வேலையும் இராது. எனவே ஒருவரே வாரத்தில் இரண்டு நாள் ஓரிடத்திலும் இரண்டு நாள் வேறோரிடத்திலும் இருப்பார். ஊரில் அவர்களைக் கிழமை சொல்லித்தான் அழைத்தார்கள். ஒரே மனிதர் ஓர் ஆலையில் ‘திங்கக்கெழம சார்’, சாயப்பட்டறையில் ‘பொதன்கெழம சார்’.

அலுவலகத்தை நடத்தியவர் கோமளா மேடம். சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவர். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இரண்டு மேசைகளோடு தொடங்கினார். முதலாளிகள் தாம் படித்துப் புரிந்துகொள்ள முடிந்த தாளில்தான் கையெழுத்திடுவார்கள் என்பதால் அவருக்குத் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நான் அப்போது அஞ்சல் வழியில் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன், கணினியில் தமிழ்த் தட்டச்சும் தெரியும். எங்கள் வீடு அடுத்த தெரு. ஆங்கில ஒப்பந்தம் ஒன்றிலிருந்து மேடமே பெயர்த்து வைத்திருந்த நிபந்தனைகளைப் பிழை நீக்கித் தட்டச்சு செய்ததோடு என் பயிற்சிக்காலம் முடிந்தது.

மேடத்தின் வேலைமுறை கறாரானது. ஒரு நிறுவனத்துக்கு முதன்முறை போகும்போது பேனா எடுத்துச் செல்லக் கூடாது. பேனாவைக் கண்டால் முதலாளி எழுதத் தக்கதை மட்டும் பேசுவார் என்பது அவர் கணிப்பு. கேட்டதை எல்லாம் நினைவில் வைத்திருந்து நான் பேருந்தில் எழுத வேண்டும். முதல் சந்திப்பில் அவர் கணினியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். “கடைய யாருங்க பூட்டறது?” என்பார். சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் நாம் அனுப்பும் ஆள் பதில் சொல்லவேண்டியிருக்கும். இரண்டாம் முறை நான் மட்டும் போய் ஒரு மணி நேரம் கடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எது கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாலைக்குள் ஒரு பக்க அறிக்கை. அதை அவர் வாய்விட்டுப் படிப்பார். ‘நல்ல’, ‘பொறுப்பான’ என்று எங்கே வந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

“பொறுப்பானவருன்னா எனக்கு என்னா தெரியும் வேதா? என்னா செஞ்சாருன்னு எழுது. பொறுப்பா இல்லையான்னு நான் சொல்றேன்.”

மூன்றாம் முறை, ஆளை அழைத்துப்போய் அறிமுகம். அதன்பின் கடைசிப் படி ஒன்று உண்டு. அலுவலகத்தில் அதை நாங்கள் சாப்பாட்டு நாள் என்போம்.

இதைச் சற்று விளக்க வேண்டும். இங்குள்ள பல நிறுவனங்களில் கடைக்குப் பின்னாலேயே வீடு. வெளியிலிருந்து ஒருநாள் வேலைக்காக வரும் மதிப்புள்ள மனிதர், கணக்கரோ தணிக்கையாளரோ, மதியம் முதலாளியோடு வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார். இதை விருந்தோம்பல் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வேலையாட்கள் முன்னால் யோசனை கேட்பதை எந்த முதலாளியும் விரும்பமாட்டார். அவர் காது கொடுப்பது இலையின் முன்னால்தான். “ரசத்துக்கும் மோருக்கும் நடுவுல சொல்றதுதான்மா அவங்களுக்கு ஏறும்” என்பார் மேடம். ஆகவே சேர்வதற்கு முன் ஒருநாள் நாங்கள் அனுப்பும் ஆளை அங்கே சாப்பிட வைத்து, முதலாளி அவரிடம் ஏதாவது கேட்கிறாரா என்று நான் கவனிப்பேன். கேட்டால் அவர் தலைவர். கேட்காவிட்டால் வேறு ஆளைத் தேட வேண்டும்.

ஒருமுறை இந்தப் படியை விட்டுவிட்டோம். சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் இருபது பேரை வைத்து வேலை வாங்கியவர், வயிற்றுப் புண்ணுக்காக உப்புக் காரமில்லாத சாப்பாட்டை அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவருவார். பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் சேர்த்துவிட்டோம். பட்டறையின் பின்கட்டில் தனியே சாப்பிடுவார். இரண்டாம் மாதம் நான் போயிருந்தபோது, முதலாளி அவரைப் பார்த்து, “சார், வந்ததுதான் வந்துக்கிறீங்க, இந்த ஃபேனு கடகடன்னுது, இன்னான்னு பாருங்களேன்” என்றார். அவரும் நாற்காலி மேல் ஏறினார். நான்காம் மாதம் தம் பையிலேயே திருப்புளி வைத்திருந்தார். அறிக்கையின் கடைசி வரியில், “வெளியே சாப்பிடுபவரின் சொல் உள்ளே போவதில்லை” என்று எழுதினேன். மேடம் அந்த வரியை அடிக்காமல் விட்டார். அது என் கையெழுத்தில் கோப்பில் இன்றும் இருக்கும். எனக்குத் தெரியாமல் நேர்ந்தது என்று பின்னால் நடந்ததைப் பற்றிச் சொல்ல முடியாதபடி செய்வது அந்த வரிதான்.

அன்பரசு எங்களிடம் வந்தது நான் சேர்ந்த நான்காம் ஆண்டில். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் எட்டு ஆண்டு இருந்தவர். தென்னேரியில் அவர் தந்தைக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் தங்கை ஒருத்திதான். அவளால் தந்தையைத் தனியே தூக்கிக் குளிப்பாட்ட முடியாது. எனவே காலையிலும் மாலையிலும் வீட்டில் இருக்கும்படியான வேலை வேண்டும் என்றார். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் இரண்டு நாள் கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் வேறெங்காவது கிடைத்தால் ஊரிலேயே இருந்துவிடலாம், கிடைக்காவிட்டால் பெங்களூரில் ஒரு வேலை காத்திருக்கிறது, போயாக வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் இரக்கம் கோரவில்லை. பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போது ஏகாம்பரம் என்ற பட்டுக் கடை முதலாளி ஆள் கேட்டிருந்தார். மூன்றாவது கடையை அப்போதுதான் திறந்திருந்தார். ஒரு கடையில் இருக்கும் புடவை மற்றக் கடைக்குத் தெரியாது. மூன்றையும் ஒரே கணினியில் இணைக்க வேண்டும். அன்பரசு மூன்று கடைகளையும் ஒரு முற்பகல் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், மொதல்ல கம்ப்யூட்டர தொடாதீங்க. உங்க புடவ நம்பர பாருங்க. மூணு கடையிலயும் ஒண்ணுலேந்து ஆரம்பிக்குது” என்றார். ஏகாம்பரம் தொடையில் தட்டிக்கொண்டார். “இத்தினி நாளா எவனுக்கும் தோணலியே இது!” செவ்வாயும் வெள்ளியும் என்று முடிவாயிற்று. சாப்பாட்டு நாளுக்கு அடுத்த வாரத்தைக் குறித்துக்கொண்டோம்.

மறுநாள் ஏகாம்பரம் தொலைபேசியில் பேசினார்.

“வேதாம்மா, சாருக்கு எந்த ஊரு?”

“தென்னேரிங்க. படிவத்துல இருக்கு.”

“அது தெரியுதும்மா. ஊருக்குள்ளயா, காலனியா?”

எனக்குத் தெரியும். தந்தையைப் பற்றிப் பேசும்போது, அவர் ஏரிப் பாசனத்தில் பிறர் நிலத்தில் நாற்று முடி சுமந்தவர் என்றும், தேவாலயப் பள்ளியில்தான் தன்னைப் படிக்கவைத்தார் என்றும் அன்பரசு சொல்லியிருந்தார். “தெரியாதுங்க” என்றேன். தெரியாது என்று சொன்னதே பதிலாகிவிட்டது. அடுத்த நாள் ஏகாம்பரம் நேரே மாடியேறி வந்தார். மேடம் அப்போது ஊரில் இல்லை. அவருடைய அக்காவுக்குச் சென்னையில் அறுவைச் சிகிச்சை.

“பாப்பா, ஆளு தங்கம். நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு இதெல்லாம் கிடையவே கிடையாது. கடையில எத்தினி பேரு வேல செய்யறாங்க, யாரையாவது நீ யாருன்னு கேட்டுக்கிறனா? ஆனா சாப்பாடு வூட்டுக்குள்ள நடக்குது. எங்கம்மாவுக்கு எழுவது தாண்டிடுச்சு. அவங்க கிட்ட நான் தெனம் சண்ட போட்டுக்கினு இருக்க முடியுமா, நீயே சொல்லு.”

“அப்படின்னா அவர் வேண்டாங்களா?”

“ஐயோ, வேணும்மா! அவர உட்டா இந்த மூணு கடைய யாரு ஒண்ணாக்கறது? சாப்பாடு மட்டும் வெளிய வெச்சிக்கட்டும். அத நான் வாயால சொன்னா நல்லாருக்காது. நீதான் தமிழு படிச்ச பொண்ணு. மனசு நோவாத மாதிரி எழுதிக் குடு.”

மேடத்துக்குத் தொலைபேசி செய்திருக்கலாம். எண் என் மேசையில் ஒட்டியிருந்தது. இல்லையென்றால் சாப்பாட்டு நாள் இல்லாமல் நாங்கள் யாரையும் சேர்ப்பதில்லை என்று ஏகாம்பரத்திடமே சொல்லியிருக்கலாம். அது எங்கள் விதி, என் சொந்தத் துணிச்சல்கூடத் தேவைப்பட்டிருக்காது. அன்பரசுக்கு இந்த இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே உடன்பட்டேன் என்று பல நாள் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் தாளை எடுத்ததும் நான் நினைத்தது அவரைப் பற்றி அன்று. வாக்கியத்தைப் பற்றி நினைத்தேன். நான்கு தாள்களைக் கிழித்தேன். ஐந்தாவதில் இப்படி அமைந்தது:

“அலுவலரின் நேரத்தையும் விருப்பத்தையும் மதிக்கும் பொருட்டு, மதிய உணவை அவரே தம் வசதிக்கேற்ப அமைத்துக்கொள்வார்.”

மதிப்பு, விருப்பம், வசதி என்று எல்லாம் அவர் பக்கமே இருந்தன. கதவை அடைத்தவர் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. ஏகாம்பரம் இரண்டு முறை படித்துவிட்டு, “அடடா, பாப்பா” என்றார். அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு அந்த வாக்கியத்தைக் குறித்துப் பெருமை இருந்தது. மூன்று வாரமாக இதை எழுதவிடாமல் என்னைத் தடுத்தது இந்த ஒரு வரிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பணிக்காலம் முழுவதும் எந்த முதலாளி வீட்டிலும் நான் கை நனைத்ததில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. “அது பெருமா கோயில் தெருப் பொண்ணு, சாப்பிடாது” என்று ஏகாம்பரமே மற்றவர்களிடம் ஏதோ தமக்குச் சிறப்புப்போலச் சொல்வார். சாப்பிடாததால் என் சொல் ஒருநாளும் மதிப்பிழக்கவில்லை. சாப்பாட்டு நாள்களில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களைக் கவனித்து எழுதிய எனக்கு, இந்த வேறுபாடு அப்போது ஒரு முறைகூட உறைக்கவில்லை.

கையெழுத்திட வந்த அன்பரசு ஒவ்வொரு நிபந்தனையையும் பேனா முனையை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். ஒன்பதில் முனை நின்றது.

“மேடம், இது எல்லாருக்கும் உண்டா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமாங்க. எல்லாருக்கும்.”

என்னைப் பார்த்தார். அதிக நேரம் அன்று, ஒரு முழு வாக்கியத்தைப் படிக்கும் நேரம். பிறகு கையெழுத்திட்டுவிட்டு, “பஸ் ஸ்டாண்டு கிட்ட ஓட்டல் இருக்குது, பரவால்ல” என்று சிரித்தார்.

மேடம் திரும்பி வந்து கோப்பைப் படித்தார். ஒன்பதாவது இடத்தில் அவரும் நின்றார்.

“இது நீ எழுதினதா?”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இனிமே எல்லா ஒப்பந்தத்துலயும் இதப் போட்டுரு. ஒருத்தருக்கு மட்டும் இருந்தா தெரிஞ்சிரும்” என்றார். நான் சொன்ன பொய் இவ்வாறு சில மாதங்களில் உண்மையாயிற்று. சாப்பாட்டு நாள் என்ற படியே எங்கள் வேலைமுறையிலிருந்து போய்விட்டது. அதன்பின் நாங்கள் அனுப்பியவர்களில் எத்தனை பேர் நாற்காலி மேல் ஏறி மின்விசிறி பார்த்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அன்பரசு செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போனார். மதியம் ஒரு மணிக்கு வெளியே போய் ஒன்றரைக்குத் திரும்புவார். அந்த அரை மணியில் ஏகாம்பரத்தின் கணக்கர் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மற்ற நேரங்களில் ஏகாம்பரம் கல்லாவில் இருப்பார், சுற்றிலும் வாடிக்கையாளர்கள். பேசப் போனால், “சார், அப்புறம்” என்பார். எனவே அன்பரசு சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்.

ஆனி மாதத்தில் அவர் எழுதியது ஒரே பக்கம். எங்கள் வழக்கப்படி அதன் பிரதி ஒன்று எனக்கும் வந்தது. மூன்று கடைப் புடவைகளுக்கும் புதிய எண் ஒட்டும் வேலை பாதிகூட முடியவில்லை. ஆவணி முகூர்த்தங்கள் கழிந்த பிறகே மூன்றையும் ஒன்றாக இணைக்க வேண்டும். அதற்கு முன் இணைத்தால் ஒரே எண்ணில் மூன்று புடவைகள் இருக்கும், எது எந்த விலை என்று கணினிக்குத் தெரியாது. இவ்வளவுதான் அதில் இருந்தது. ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ஏகாம்பரம் அதைக் கல்லாப் பெட்டிக்கு அருகில் ஏதோ ஒரு விலைப்பட்டியலின் கீழ் வைத்துவிட்டார். அவர் கேட்டுத் தெரிந்துகொள்பவர், படித்துத் தெரிந்துகொள்பவர் அல்லர்.

கணக்கர் சாப்பிடும்போது வேறொன்று சொல்லியிருக்கிறார். ஆவணிக்கு முன்பே மாற்றிவிட்டால் சீசன் முழுவதும் கணினியில் ஓடும், அதற்கு ஆடிப் பெருக்கைவிட நல்ல நாள் இல்லை என்று. அந்த ஆண்டு ஆடிப் பெருக்கு அன்பரசு வராத கிழமையில் வந்தது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கணினி விற்ற கடையிலிருந்து ஒரு பையனை வரவழைத்து மூன்றையும் இணைத்துவிட்டார்கள். பழைய பில் புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்த அன்பரசு திரும்பப் பிரித்துவிடலாம் என்று கேட்டிருக்கிறார். நல்ல நாளில் செய்ததைக் கலைப்பதா என்று பதில் வந்தது.

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய ஞாயிறு, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் வைத்து வந்திருந்தார்கள். அரக்கு நிறக் கூறைப் புடவை ஒன்றைத் தேர்ந்து பில் போடக் கொடுத்தபோது, அது ஏற்கெனவே விற்றுவிட்டது என்றது கணினி. பச்சை நிறமென்றும் வேறு விலையென்றும் சொன்னது. அடுத்த புடவைக்கும் அப்படியே. மூன்று கடைகளிலும் பில் நின்றது. பெண்ணின் தாய், “கையில வெச்சிக்கினு நிக்கிறேன், வித்துட்டன்றீங்களே, இன்னா கடை இது?” என்று தெருவுக்குக் கேட்கும்படிச் சத்தமிட்டார். பிற்பகல் கடையை அடைத்துவிட்டார்கள். அடைத்த கதவுக்கு முன்னால் ஒரு வேன் நிறையப் பெண்கள் நின்றதை எதிர்க்கடைக்காரர்கள் பார்த்தார்கள்.

செவ்வாயன்று ஏகாம்பரம் எங்களை அழைத்தார். மேடம், நான், அன்பரசு, ஏகாம்பரம், கணக்கர் என ஐந்து பேர் கடையின் பாய்மேல் உட்கார்ந்திருந்தோம். அன்பரசின் கோப்பு என் மடியில் இருந்தது. அந்த ஒரு பக்கத்தை அன்று காலை நானே மேலாக எடுத்துவைத்திருந்தேன்.

“இவ்ளோ படிச்சிக்கிறீங்களே சார், ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வாயில சொல்லலாமில்ல? கணக்குப்புள்ள சொல்றாரு, நீங்க சொல்லக்கூடாதா?” என்று ஏகாம்பரம் தொடங்கினார்.

“எழுதிக் குடுத்தேன் சார்.”

“எங்க குடுத்த? யாரு கிட்ட?” ஏகாம்பரத்தின் ‘நீங்க’ அந்த இடத்தில் போய்விட்டது.

“உங்க கையிலதான் சார். ஆனி மாசம்.”

“என் கையில ஒண்ணும் வரல.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “வேதா, நம்ம ஃபைல்ல பிரதி இருக்குதா?”

தாளை எடுத்து நீட்ட வேண்டியதுதான். நீட்டினால் ஏகாம்பரம் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். எழுதுவானேன், கணக்கர்போலச் சாப்பிடும்போது சொல்வதுதானே என்பார். சொன்ன மறுகணமே அவருக்கும் நினைவு வரும், அங்கிருந்த எல்லோருக்கும் வரும். ஒன்பதாவது நிபந்தனை பாயின் நடுவில் வந்து விழும். அதை எழுதியவளும், எல்லாருக்கும் என்று சொன்னவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

“பார்க்கணும் மேடம்” என்றேன்.

அந்த இரண்டு சொற்களால் வேலை முடிந்தது. அன்பரசு கணினி இருந்த மாடியறையின் சாவியை எடுத்துப் பாய்மேல் வைத்துவிட்டு எழுந்தார். வாலாஜாபாத் அரிசி ஆலைக்காரருக்கும் செய்தி இரண்டு நாளில் போய்விட்டது. பட்டுக் கடையைக் கவிழ்த்தவர் நமக்கு எதற்கு என்றார் அவர். அந்த மாதமே அன்பரசு பெங்களூருக்குப் போனார்.

அன்று அலுவலகம் திரும்பியதும் மேடம் கோப்பை என்னிடமிருந்து வாங்கித் திறந்தார். அந்தத் தாள் மேலேயே இருந்தது. முழுவதும் படித்தார். “தொளை போட்டு உள்ள வை, பறந்துரப் போவுது” என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதன்பின்னும் இரண்டு ஆண்டுகள் நான் அங்கேயே வேலை பார்த்தேன். முதலாளிகளின் கடைகளில் உட்கார்ந்தேன், அறிக்கை எழுதினேன், அடைமொழிகளை அடிக்கும் அளவுக்கு மேடத்துக்கு நான் இடம் வைக்கவில்லை.

அனுபவச் சான்றிதழ் கேட்டு அன்பரசு மூன்று முறை கடிதம் எழுதினார். ஏகாம்பரம் தரவில்லை. நான் வேலையை விடும்போது, எங்கள் அலுவலகத்தின் பெயரிலாவது கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். மேடம் மறுப்பின்றிக் கையெழுத்திட்டார். தம் யோசனைகளை உரிய காலத்தில் எழுத்தில் தந்தவர் என்று அதில் சேர்த்திருந்தேன். அஞ்சலில் அனுப்பாமல், கிறிஸ்துமஸுக்கு அவர் ஊருக்கு வந்திருப்பார் என்று தெரிந்து, தென்னேரிக்கு நேரில் போனேன்.

பேருந்து மாறிப் போய்ச் சேரும்போது இரண்டு மணி இருக்கும். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. அன்பரசு நாற்காலி போட்டார். உள்ளே கட்டிலில் தந்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தங்கை ஸ்டெல்லா பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தந்தையோடு இருப்பதற்காக வேலையை விட்டுவிட்டாராம். பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் காலையில் வந்து தூக்கிவிடுகிறார், அவர் வராத நாளில் குளிப்பாட்டு இல்லை. இதை அன்பரசு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

சான்றிதழைப் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க மேடம்? தபால்ல போட்டிருக்கலாமே.”

“ஒன்பதாவது நிபந்தனை நான் எழுதினது. அப்ப அது எல்லாருக்கும் இல்ல. உங்களுக்கு மட்டுந்தான்.”

“அது தெரியும்” என்றார். “மத்ததெல்லாம் இங்கிலீஷ்லேந்து பேத்து வெச்ச மாதிரி இருந்துச்சி. அது ஒண்ணுதான் நல்ல தமிழு. படிச்சப்பவே நெனச்சேன், இத யாரோ ஒக்காந்து, யோசிச்சி எழுதிக்கிறாங்கன்னு.”

“ஆனி மாசம் நீங்க எழுதிக் குடுத்தது… அதோட பிரதி, அன்னிக்கு என் மடியிலதான் இருந்தது.”

அவர் முகத்தில் அதுவரை இருந்த இலேசான சிரிப்பு நின்றது.

“அது தெரியாது” என்றார். “தொலஞ்சி போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

மன்னிப்புக் கேட்பதற்கு நான் வழியெல்லாம் அமைத்துவைத்திருந்த வாக்கியங்கள் இருந்தன. அவற்றின் அமைப்பு எனக்கே கேட்டது, ஆகையால் சொல்லவில்லை. ஸ்டெல்லா வாசற்படிக்கு வந்து அண்ணனைப் பார்த்து, “சோறு போடட்டா?” என்றார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பியபின் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

“நான் சாப்பிட்டாச்சு” என்றேன்.

அது கூச்சத்தால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்டெல்லா வியப்படையவில்லை.

“தெரியும்மா. அதான் கடையில சொல்லிக் கலரு வாங்கி வெச்சிக்கிறேன்.”

சன்னல் திட்டில் ஆரஞ்சு நிறப் பாட்டில் ஒன்று மூடி திறக்காமல் இருந்தது, பக்கத்தில் திறப்பான். அவர் அதை உள்ளே எடுத்துப் போகவில்லை. என் கண்ணெதிரே, நான் பார்க்கிறேன் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மூடியைத் திறந்து, தம்ளரில் ஊற்றாமல் பாட்டிலாகவே நீட்டினார். இப்படி எத்தனை பேருக்கு நீட்டியிருப்பாரோ, கை அவ்வளவு பழகியிருந்தது.

வாங்கிக் குடிக்கத் தொடங்கினேன். அன்பரசு உள்ளே போய்த் தந்தையைத் திருப்பிப் படுக்கவைத்தார்.

“யாருப்பா வந்துக்கிறது?” என்றது கட்டிலிலிருந்து குழறிய குரல்.

“ஆபீஸ்லேந்துபா. கெளம்பிட்டாங்க” என்றார் ஸ்டெல்லா.

பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது. குளிர்ந்திருக்கவில்லை, தித்திப்பாக இருந்தது. உள்ளே தட்டுகள் வைக்கும் ஓசை கேட்டது. நான் போகட்டும் என்று அவர்கள் மூவரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள்.